பாகத்துக்கு வந்த முகமூடி

பெரியவன் வைரக்கண்ணுக்கு ஆற்றோரத்து ஒன்பது மா.
சின்னவன் குஞ்சிதபாதத்துக்குப் போர்செட்டும்
கன்றோடு ஒரு பசுவும்.
நடுவில் பிறந்த எனக்கு
பரண்மேல் யூரியா சாக்கில் சுருண்டு கிடந்த
கறுப்புத் தார்ப்பாய் அங்கி,
அலகு நீண்ட தோல் முகமூடி,
முழ நீளத்தில் ஒரு குத்தூசி.
'இதர அசையும் சொத்து' என்று
பத்திரத்தில் எழுதி முடித்தார்கள்.

நீர்க்காகத்தை உங்களுக்குத் தெரியும்.
மூணாறு தலைப்பில் முங்கினால்
பாமணியில் எழும்.
மரக்காலுக்குள் மெழுகு பூசி அளந்தவனை
அதே மரக்காலைத் தலையில் கவிழ்த்து
மன்னார்குடித் தேரோடும் வீதியில் நடக்கவிட்டது.
பேருந்து நிலையக் கடையில் தொங்கும் சித்திரக்கதையில்
இன்னமும் வைக்கோல்போர் விட்டு வைக்கோல்போர் தாவுகிறது,
ஊசி எப்போதும் இடது கையில்.
நூற்றிருபது வயசு, சாவே கிடையாது என்பார்கள்.

உண்டு.
அப்பாவுக்குச் சர்க்கரை. முதலில் கட்டைவிரல், பிறகு கால்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன்.

இடது கை சங்கதி இவ்வளவுதான்:
முதல் நீர்க்காகத்துக்குக் கரும்பாலையில்
வலது கை விரல் மூன்று போயிற்று.
ஊர் பார்த்துவிட்டது.
பின்னால் வந்தவர்கள் எல்லாம்
நல்ல வலது கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு
இடது கையால் சண்டை போட்டார்கள்.
நானும் ஆறு மாதம் இடது கையால் கோலம் போட்டேன்,
தெரு சிரித்தது.
சத்துணவுக் கூடத்தில் இடது கையால் சாம்பார் ஊற்றினேன்,
பாதி தட்டுக்கு வெளியே.

ஐப்பசி. கொள்முதல் நிலையத்து வாசலில்
குறுவை நெல்
மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுக்கொண்டிருந்தது.
ஈரப்பதம் கூடுதல், மூட்டைக்கு அறுபது வை
என்கிறான் இளங்கிள்ளி.
அவன் அப்பன் கலியபெருமாள் நாற்பது கேட்டான்.
அவன் தாத்தனுக்குத்தான் மரக்காலைக் கவிழ்த்தது.
அந்த வீட்டிலும் பாகம் பிரித்திருக்கிறார்கள்.

அட்டியின் உச்சியில் ஏறி நின்றேன்.
காற்று வந்து அங்கியைத் தூக்கிக் கொடுத்தது,
படத்தில் வருவதுபோலவே.
"கணக்கு நோட்டை எடு, இளங்கிள்ளி!"
சளி பிடித்திருந்ததால் குரலும் ஆம்பிளைக் குரலாக வந்தது.
அவன் சிரித்துக்கொண்டே தன் குத்தூசியை உருவினான்.

ஊசியும் ஊசியும்.
தவறிய ஒவ்வொரு குத்தும் ஒரு மூட்டையில் இறங்க
நெல் சரசரவென்று ஒழுகியது.
சண்டை நீள நீள
முழங்கால்வரை நெல்லில் நின்று குத்திக்கொண்டோம்.
சாக்குத் தைக்கிற கிழவர் ஒருவர் எழுந்து பார்த்துவிட்டு
போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நோட்டோடு அவன் புல்லட்டில் பறந்தான்.
நான் டிவிஎஸ்ஸில்.
எத்தனை வீரம் இருந்தாலும்
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் மூடியதுதான்.

நிலக்கரி வண்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.
வேர்க்கடலைக்காரன் இருவரையும் கேட்டான்.
இருபது பெட்டி போனதும்
இளங்கிள்ளி என் கையைப் பார்த்தான்.
"நீர்க்காகத்துக்கு இடது கை இப்படி நடுங்காதே.
யாரு நீ?"

அப்பாவின் கை நடுங்கியதை
நான் மட்டுந்தான் பார்த்திருக்கிறேன்.

ஊசியை மாற்றிப் பிடித்தேன்,
பிறந்ததிலிருந்து என்னுடைய கைக்கு.

கடைசிப் பெட்டி கடப்பதற்குள்
பையின் வார் அறுந்தது,
நோட்டு மேலே போய்க் கீழே வந்தது,
இளங்கிள்ளி வேர்க்கடலைக் கூடையில் உட்கார்ந்திருந்தான்.
நின்றிருந்த பேருந்து முழுக்க விசில்.

காலையில் டீக்கடையில் சொன்னார்கள்:
அதுக்கு ரெண்டு கையுந்தான். முதல்லேருந்தே அப்படித்தான்.

பகலில் முட்டைச் சோறு.
வரிசையில் மூன்றாவதாகச் செங்கமலம்,
சித்திரக்கதையைப் பாவாடை மடிப்பில் செருகியிருப்பவள்,
ஆறு மாதமாக என் இடது பக்கம் தட்டு நீட்டியவள்.
கரண்டி பிடித்த கையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல்
தட்டை வலது பக்கம் நகர்த்தினாள்.