டார்லிங்கு

இரண்டாவது நிமிடம், பதினோராவது விநாடியில்
அவர் பெயரை வெட்டியது நான்தான்.
தேசிங்கு இருந்த இடத்தில்
டார்லிங்கு கச்சிதமாக உட்கார்ந்தது.
தாளம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாசர்பாடியில் கறிக்கடைக்கு மேலே
முட்டை அட்டை ஒட்டிய எங்கள் ஸ்டுடியோ.
கீழே கத்தி விழும்போதெல்லாம்
மைக்கில் ஓர் உதை கேட்கும்.
அதையும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறோம்.
இர்ஃபான் பாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

வந்தது ஒரு ஃபோன் பதிவு.
காசிமேட்டில் ஒரு சாவு, ராத்திரி மூணு மணி,
ஐஸ்பெட்டி மோட்டார் உறுமிக்கொண்டிருக்க
பூபாலன் பாடுகிறார்:

தேசிங்கு எழுந்து வா, டீ வாங்கித் தாரேன்
குடுத்த கடன் கேக்கமாட்டேன், கூட நானும் வாரேன்

யாரோ சிரிக்கிறார்கள்.
சிரிப்பு முடிகிற இடத்தில்
ஒரு பெண் குரல் 'ஹக்' என்று உடைகிறது.
அரை விநாடிகூட இராது.
எடுத்தேன், இரைச்சலைக் கழுவினேன்,
நாலு தட்டுக்கு ஒருமுறை வைத்தேன்.

ஊர் ஆடியது அந்த ஹக்குக்குத்தான்.
தண்டையார்பேட்டை மண்டபத்தில்
மாப்பிள்ளையின் தாய்மாமன்
அது வரும்போதெல்லாம் தோளைக் குலுக்கினார்.
நானும் குலுக்கினேன், பொய் சொல்வானேன்.

பாட்டுக்குக் கீழே பெயர்கள் வந்தன.
இசை, ரீமிக்ஸ், தயாரிப்பு எல்லாம் எங்கள் முதலாளி.
வரிகள்: மரபு.
மரபு ஜீவரத்தினம் நகரில் ஆட்டோ ஓட்டுகிறது,
சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறது,
ஒரு செவ்வாய்க்கிழமை மாடியேறி வந்து
மூச்சு வாங்க என்னிடம் கேட்டது:
"என்னை விடுப்பா. தேசிங்கு எங்க?"

மறுநாள் ஏலம் முடியும்வரை நின்று
கன்னியம்மாவிடம் போனேன்.
அக்கா, தப்பு என்னுதுதான்,
உங்க அழுகைக்கு உங்க பேரைப் போடறேன் என்றேன்.
கடம்பாவின் மை ஒழுகும் கையோடு
ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார்.
இன்னொரு முறை கேட்டார்.

"இது நான் இல்ல.
நான் அன்னிக்கு அழவே இல்ல.
இது பாக்கியம், என் நாத்தனார்.
போடறதுன்னா சரியாப் போடு."

முதலாளி சபரிமலை போயிருந்த வாரம்.
கடவுச்சொல் எனக்குத் தெரியும்.
வரிகள், குரல்: பூபாலன்.
அழுகை என்றொரு வகை பட்டியலில் இல்லை,
கூடுதல் குரல்: பாக்கியம்.
டேப் அடித்தது யாரோ காக்காதோப்புப் பையன்.
பெயர் கட்டாயம் என்று பெட்டி சிவந்தது.
காக்காதோப்பு என்றே அடித்தேன்,
ஏற்றுக்கொண்டது.

தேசிங்கிடம் வந்து நின்றுவிட்டேன்.
பாடவில்லை அவர். எழுதவில்லை. தட்டவில்லை.
படுத்துக் கிடந்தார், அவ்வளவுதான்.
அவர் படுக்காமல் இருந்திருந்தால்
பூபாலன் அன்றைக்குச் சவாரி போயிருப்பார்,
பாக்கியம் தூங்கியிருப்பாள்,
எனக்கு நாலாவது தட்டு காலியாக இருந்திருக்கும்.
'சிறப்புத் தோற்றம்' என்பதை அமுக்கினேன்.
மின்னஞ்சல் கேட்டது.
என்னுடையதைக் கொடுத்தேன்.

முதலாளி இன்னும் பார்க்கவில்லை.
அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது எனக்கு:
அன்புள்ள தேசிங்கு,
இந்தக் காலாண்டில் உங்கள் பங்கு
பதினேழு ரூபாய் நாற்பது காசு.

இருபதாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கன்னியம்மா கணக்கில் கறார்.
இரண்டரையைத் திருப்பி என் கையில் வைத்து,
"டீ பதினஞ்சு ஆயிடுச்சு, அது அவருக்கு.
மிச்சம் ரெண்டு நாப்பது பாக்கியத்துக்கு" என்றார்.

பாக்கியம் வீடு மூணு தெரு தள்ளி.
நாற்பது காசுக்கு இப்போது நாணயம் இல்லை.