நாணயத் துவாரம்

போன நவம்பர் வரை எங்கள் சபையின் தர்மம்
வான்கோழி வடிவத்தில் இருந்தது.
உறைந்த வான்கோழி, டின்னில் அடைத்த சோளம்,
மேலே ஒரு வசன அட்டை.
டொலீடோவின் கிழக்குக் கரையில்
எங்கள் வேன் நிற்கும், கதவு தட்டப்படும்,
பெட்டி கைமாறும், படம் எடுக்கப்படும்.
பொருளாளன் நான். எழுதி வைத்தேன்:
பெட்டி நூற்றுப் பன்னிரண்டு,
புன்னகை நூற்றுப் பன்னிரண்டு.
எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதற்கு
என் பேரேட்டில் கட்டம் இல்லை.

பிறகு மரிசேலா வந்தாள்,
சபைகளைப் பழக்கியெடுக்கும் ஏதோ ஓர் அமைப்பிலிருந்து.
மூன்று சனிக்கிழமை பயிற்சி என்றார்கள்.
நீண்ட சொற்பொழிவுக்கு அஞ்சி
காபியை இரண்டு மடங்கு கறுப்பாகப் போட்டேன்.
அவள் எழுதுபலகைப் பக்கமே போகவில்லை.
"வெளியே போங்கள், இரண்டிரண்டு பேராக.
எதையும் கொடுக்காதீர்கள்.
இரண்டே கேள்வி:
இந்த வாரம் எது கஷ்டம்?
உங்களுக்கு எது கைவந்த வேலை?"

(இரண்டிரண்டு பேராக அனுப்புவது
யார் தொடங்கி வைத்த வழக்கம் என்று
எங்களுக்குத் தெரியாதா என்ன.)

வெறுங்கை முழம் போடாது
என்பது கணக்கனின் வேதம்.
அந்த வெறுங்கையோடு ஒரு வாசலில் நிற்பது
எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.
முப்பது வருடம் பிரசங்கித்த போதகர் ஒடெல்
அழைப்பு மணியின் முன்னே
தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

நான்காவது வீட்டில் கியோனா.
இரவுப் பணி முடிந்த சீருடை, கலையாத தூக்கம்.
"நீங்களா? போன வருஷம் கேஸ் இணைப்பு போயிருந்தது.
உங்கள் வான்கோழி என் குளியல் தொட்டியில்
மூன்று நாள் உருகிக்கொண்டிருந்தது."
போதகர் மன்னிப்பு கேட்க வாய் திறந்தார்.
அவள் அதற்குள் அடுத்ததற்குப் போயிருந்தாள்.
"துணிதான் கஷ்டம். துவைக்க இரண்டு பஸ் மாறணும்.
என் பையன் பள்ளிக்குப் போகாத நாளெல்லாம்
காய்ச்சலால் இல்லை, சட்டையால்."

கைவந்த வேலை?
"ஓடாத எதையும் பிரித்து ஓட வைப்பேன்.
யாரும் கேட்டதில்லை."

எங்கள் ஞானஸ்நானத் தொட்டி
வருடத்துக்கு நான்கு முறை நிரம்பும்.
அதற்கென்று ஒரு கொதிகலன்,
மற்ற நாளெல்லாம் நிலவறையில் சும்மா.
மூடிய மோட்டல் ஒன்றிலிருந்து
ஐந்து சலவை எந்திரங்கள் வாங்கினோம்.
கியோனா மல்லாந்து படுத்துக் குழாய் பூட்டினாள்.
சகோதரி வெர்லீன் மட்டும் படியிறங்க மறுத்தார்:
"அந்தத் தண்ணீரிலா சாக்ஸ்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
கொதிகலன் சீறிக்கொண்டிருந்தது.

காசு போடும் துவாரங்களை ஒட்டி மூட
டேப்போடு குனிந்தேன்.
"விடுங்க," என்றாள் கியோனா.
"இலவசம்னா இது உங்களோடது.
கால் டாலர் போட்டா
எங்களோடதும்."

மூன்றாம் வாரம், வியாழன்,
மணி இரவு ஒன்பது தாண்டி, பின்வாசல் வழியாக
வெர்லீன் இறங்கி வந்தார்.
நெஞ்சோடு அணைத்த கறுப்புப் பை நிறைய
படுக்கை விரிப்புகள்.
கணவர் விழுந்து எட்டு மாதமாம்.
நாங்கள் நாற்பத்தாறு கதவு தட்டியிருந்தோம்.
எங்கள் மூன்றாம் வரிசை இருக்கையில்
அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

கியோனா எதுவும் விசாரிக்கவில்லை.
பையை வாங்கி, முனை பிடித்து உதறி,
"வெந்நீர்தான் இதுக்கு," என்றாள்.
நான் பையிலிருந்து நாணயம் எடுத்தேன்.
வெர்லீன் என் கையைத் தள்ளிவிட்டு
தன் கைப்பையைத் துழாவினார்:
மாத்திரை, மூக்குக் கண்ணாடி, பழைய பாட்டுத் தாள்,
கடைசியில் ஒரு கால் டாலர்.

அதை வரவில் எழுதினேன்.
எந்தத் தலைப்பின் கீழ் என்று புரியாமல்
இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

இரண்டாம் எந்திரம் இப்போதும் ஒழுகுகிறது.
அடியில் நாங்கள் வைத்திருப்பது
வான்கோழி வாட்டும் தட்டு.
மீந்துபோனது எங்களிடம் நிறைய.