கவிழ்த்த எழுத்து

சார்ல்ஸ்டன். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்துமூன்று, ஜனவரி.
துறைமுகத்துக் குளிர் கதவிடுக்கில் நுழைந்து
ஈய எழுத்துகளைச் சில்லிட வைத்திருந்தது.
வாஷிங்டனிலிருந்து வந்த அறிக்கையை
மறுபடி அச்சிட வேண்டும்,
இருட்டுவதற்குள் இருநூறு தாள்.

அதிபரை நான் பார்த்ததில்லை.
அவருக்கு வங்கி ஆகாது, காகிதப் பணம் ஆகாது,
தலைநகரின் கை நீளக் கூடாது என்பார்.
எங்கள் ஊரும் அதையேதான் சொன்னது;
அதற்காகவே ஒரு காலத்தில்
அவர் பேர் சொல்லிக் கோப்பைகளை உயர்த்தியது.
இப்போது அதே மனிதர்,
நான் கோத்தவரையில் எனக்குப் புரிந்தபடி,
வரி கசந்தால் வாதாடு என்கிறார்,
கத்து, ஆளை மாற்று;
ஒரு மாநிலம் தனியே எழுந்து
சட்டம் செல்லாது என்று
கதவைச் சாத்திக்கொண்டு போக மட்டும் முடியாது.

தம்பி ஆசா தொப்பியில் நீல ரிப்பன் குத்தியிருக்கிறான்.
நேற்று வந்து எழுத்துப் பெட்டிக்குள் கைவிட்டு
ஒரு பிடி அள்ளினான்.
"உருக்கினால் எத்தனை தோட்டா தேறும், லெம்யூல்?"
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. மனசுக்குள்
கணக்குப் போட்டுவிட்டேன்.

பாதிப் பக்கத்தில் சின்ன 'யு' தீர்ந்துபோயிற்று.
திரும்பிய இடமெல்லாம் யூனியன், யூனியன்.
அச்சுக்கோப்பவனுக்கு ஒரு திருட்டு வழி உண்டு:
'என்' எழுத்தைத் தலைகீழாய்க் கவிழ்த்தால் 'யு'.
'என்' கவிழாமல் அன்று
யூனியன் தொடங்க வழியில்லை.
உடம்பிலுள்ள வெட்டு எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பது
கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும்.

மிங்கோ மை ஒற்றினான்.
விதவை லெசேனின் அடிமை,
வாரம் இரண்டு டாலருக்கு இங்கே வாடகை;
இரண்டும் அவள் பைக்கு.
முதல் தாளை உரித்து ஈரத்தோடு
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தான்.

"இந்தச் சொல்லில் மூணு 'என்' இருக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.
அச்சு இயந்திரத்தின் கைப்பிடி
என் கையிலேயே நின்றது.
பத்து வருஷம் ஈயத்தின் மேல் குனிந்து,
இடம் வலம் மாறிய எழுத்துகளில்
தானே படித்திருக்கிறான்.
இந்த ஊரில் அது தெரிந்தால்
முதுகுத்தோல் மிஞ்சாது.

இருபத்துநான்கு மாநிலங்களையும்
ஒரே கயிற்றில் கட்டுகிற அறிக்கை.
நானே கோத்தேன், எனக்குத் தெரியும்:
மிங்கோவுக்கு அதில் ஒரு காற்புள்ளிகூட இல்லை.
அதிபரின் பருத்தி வயலிலும்
மிங்கோக்கள் இருப்பதாகக் கேள்வி.

"மாத்தட்டுமா?" என்றேன்.
இதுவரை அவனிடம் எதையும் கேட்டதில்லை,
சொல்லித்தான் பழக்கம்.
தாளை மறுபடி பார்த்தான்.
"விடுங்க. சண்டைக்குப் படிக்கிறவங்க
எழுத்தைப் பார்க்க மாட்டாங்க."

இருநூறும் போயின. சில சுவரில், சில சாக்கடையில்.
ஒன்றை ஆசா கிழித்தான், முழுக்கப் படித்துவிட்டு.
ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இரவு, அச்சைப் பிரித்து
எழுத்துகளை அறையறையாய்ப் போட்டோம்.
கவிழ்ந்திருந்த கடைசி 'என்' எழுத்தை
மிங்கோ எடுத்தான், துடைத்தான், நிமிர்த்தினான்.
விளக்கு என் பக்கம் இருந்தது.
அவன் கை தேடவில்லை,
நேரே அதன் அறைக்குப் போனது.