ஓரத்தில், பென்சிலால்

அந்தக் கோடை முழுக்க
கவுண்டி வேளாண் அலுவலகத்தைப் பூட்டித்தான் வைத்திருந்தோம்.
வாசல் தூணில் ஒரு மஞ்சள் பெட்டி.
முன்பு தீர்ந்துபோன பேட்டரிகளை அதில் போடுவார்கள்,
இப்போது நிவாரணப் படிவங்களை.
காலையில் கையுறை மாட்டி எடுப்பேன்,
ஒரு நாள் முழுக்க மேசையில் ஆறவிடுவேன், ரொட்டியைப் போல.
மறுநாள்தான் படிப்பேன்.

சோளத்துக்கு ஒரு தொகை. பாலுக்கு ஒரு தொகை.
பன்றிக்குத் தலைக்கு இவ்வளவு.
ஆர்டிஸ் ட்ரோஸல் பதினோரு ஆடுகளுக்கு விண்ணப்பித்தாள்,
பதினொன்றின் பெயரையும் எழுதி.
எண்ணிக்கை மட்டும் போதுமென்று போன் செய்தேன்.
"பிறகு எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்றாள்.

டெல்வின் ஹோல்ஷரின் படிவம் மே கடைசியில் வந்தது.
இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில்
அதிகமாக இருந்த நாளின் கையிருப்பு?
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால்:

இதில் அறுநூற்று நாற்பது இப்போது மேற்கு வயலில்,
மண்ணுக்கு அடியில்.
இறைச்சி ஆலை மூடிவிட்டது, கொட்டிலில் இடமில்லை.
நானும் மகனும்தான் செய்தோம்.
இவற்றை எந்தக் கட்டத்தில் எழுத?

கையேட்டைப் புரட்டினேன்.
விற்றவைக்குக் கட்டம் இருந்தது.
இருப்பவைக்கு இருந்தது.
மாநில அலுவலகத்தில் எடுத்த பெண்
தன் சமையலறையிலிருந்து பேசினாள்,
பின்னால் நாய் குரைத்தது.
"அந்தத் தேதியில் உயிரோடு இருந்தனவா?"
இருந்தன.
"அப்படியானால் அது இருப்புதான்."

இருப்பு என்பது
இறந்தகாலத்தில் ஒரு நாள் என்று
அன்று தெரிந்துகொண்டேன்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.
இது எழுதிய கணக்கு;
ஸ்கேனர் ஓரங்களை எடுப்பதில்லை.

பணம் ஒரு வியாழக்கிழமை வங்கிக்கு வந்தது,
மதியத்துக்குள் கூட்டுறவுக்குப் போய்விட்டது:
தீவன பாக்கி.
தின்றவை இல்லை, தின்றதற்கு ரசீது இருந்தது.

அடுத்த வசந்தத்தில் பத்திரிகை பட்டியலை அச்சடித்தது,
பெயர், ஊர், டாலர்.
பெட்ரோல் பங்கின் காபி மெஷின் பக்கத்தில்
விரல்கள் வரி வரியாய் இறங்கின.
முதல் பெயர் நார்த் லெவல் ஹோல்டிங்ஸ்,
சிகாகோ, இருபத்து மூன்றாவது மாடி.
யாரும் பார்த்ததில்லை அவர்களை,
திட்டுவதற்கு ஒரு முகம்கூட இல்லை.
விரல் ஏழாவது வரிக்கு வந்தது.
"செத்த பன்றிக்கும் வாங்கியிருக்கிறான்பா ஹோல்ஷர்."

பால் கேனோடு வரிசையில் நின்றிருந்தேன்.
விண்ணப்பதாரர் விவரம் ரகசியம்,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.
இரண்டு முறை எண்ணினேன்.

கதவு திறந்த வாரம் அவரே வந்தார்,
விதைக் கம்பெனி பெயர் போட்ட முகக்கவசம்.
தன் படிவத்தின் நகல் வேண்டும் என்றார்.
அச்செடுத்துக் கொடுத்தேன்.
ஓரம் வெள்ளையாக இருந்தது.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்,
பின்பக்கமும் பார்த்தார்.

"பென்சில் இருக்கிறதா?"

கவுண்டரில் சங்கிலி கட்டிய பேனாதான்.
டிராயரில் தேடி எடுத்துத் தந்தேன்.
நின்றபடியே எழுதினார், அதே இடத்தில்,
இந்த முறை கேள்வியை விட்டுவிட்டு
எண்ணை மட்டும்.
"இதற்கு முத்திரை குத்துவீர்களா?"

விதியில் இடமில்லை.
தேதிச் சக்கரத்தைப் பழைய மே மாதத்துக்குத் திருப்பக்
கட்டைவிரல் போனது.
திருப்பவில்லை.
அன்றைய தேதியிலேயே குத்தினேன்:
பெறப்பட்டது.

மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்,
முகக்கவசத்தைக் கீழே இறக்கி.