நாலு மணி வரை

குற்றம்: கத்தியது.
குற்றவாளி: செங்கமலம், எங்கள் பள்ளியின் நிர்வாகி,
அறக்கட்டளைப் பத்திரத்தில் முதல் கையெழுத்து.
புகார் கொடுத்தவன் கபிலேஷ், வயது எட்டு.
கெண்டை ஏறுமா என்று பார்க்க
ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்து
நாற்றங்காலை முக்கால் முழம் மூழ்கடித்தவன்.
மூழ்கடித்தது வேறு வழக்கு என்றாள் சபைத் தலைவி ரிஸ்வானா.
அது நாளைக்கு. இது இன்றைக்கு.

தீர்ப்பு: வியாழக்கிழமை காலை மணி முதல்
மாலை நாலு மணி அடிக்கும் வரை
அக்கா பேசக்கூடாது.
எழுதியும் காட்டக்கூடாது.
(இரண்டாவது வரியை நுழைத்தது
வக்கீல் குமாஸ்தாவின் மகன்.)

வியாழக்கிழமைதான் சென்னையிலிருந்து வருகிறார்கள்,
மூன்று வருடப் பணத்தைக்
கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க.
எட்டு ஆசிரியர்களுக்கு இரண்டு மாதச் சம்பள பாக்கி.
கூட்டுறவு வங்கியை விட்டு இங்கே வந்த நாளிலிருந்து
எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே பாடம் அந்தப் பாக்கி.

ரிஸ்வானாவிடம் போய் நின்றேன்,
ஓர் அறங்காவலர் நிற்கக்கூடாத விதத்தில்.
ஒருநாள், ஒரே ஒருநாள் தள்ளிவையேன்.
அவள் சபையைக் கூட்டினாள், புழுங்கல் தொட்டிக்குள்.
(பழைய ரைஸ்மில் இது.
நெல் ஊறிய தொட்டிகளில் இப்போது
பிள்ளைகள் ஊறுகிறார்கள் என்று
ஆண்டறிக்கையில் ஒருமுறை எழுதினேன்;
செங்கமலம் அடித்துவிட்டாள்.)
முப்பத்தொன்றுக்கு நாலு. தள்ளிவைக்க முடியாது.
அந்த நாலில் ஒரு கை கபிலேஷுடையது.

புதன் இரவு, பேச உரிமை இருந்த நேரத்தில், அவள் சொன்னாள்:
"நத்தர், பணம் வர்ற அன்னைக்கு மட்டும்
சபை சும்மா வெளையாட்டுன்னு சொல்லிட்டா,
அப்புறம் எதைக் காட்டிப் பணம் கேப்போம்?"
பிறகு, மின்விசிறியைப் பார்த்தபடி:
"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கார் மூணாறு தலைப்பைத் தாண்டும்போது போன் வந்தது.
இரண்டு பேர். ஒருவர் கையில் டேப்லெட்.
மற்றவர் காலில் புது ஷூ.
செங்கமலம் கைகூப்பினாள். சிரித்தாள். அவ்வளவுதான்.
"மேடம், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர்
இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்பார்கள்?"
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் ஃபைலைப் புரட்டினேன்.
அது மின்கட்டண ஃபைல்.

"அக்கா இன்னைக்குப் பேச மாட்டாங்க சார்."
தொட்டி விளிம்பிலிருந்து ஒரு குரல்.
"கத்துனாங்க. அதான்."
"யாரிடம் கத்தினார்?"
"என்கிட்ட."
"நீ என்ன செய்தாய்?"
கபிலேஷ் யோசித்தான்.
அந்தக் கேள்வி வேறு வழக்கைச் சேர்ந்தது.
பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான்,
மடையைக் காட்ட,
வரப்பில், ஷூவோடு.

அரைமணி நேரம் என்ன பேசினார்கள், தெரியாது.
தூரத்தில் அவன் கை மட்டும் தெரிந்தது:
இவ்வளவு உயரம், இந்தப் பக்கம், இப்படிப் பாயும்.
ஒரு தலை குனிந்து கேட்டது.
இன்னொரு தலை கொக்கைப் படம்பிடித்தது.
செங்கமலம் தூணைப் பிடித்தபடி நின்றாள்.
பதினொரு வருடமாக
மேடை மேடையாக அவள் விளக்கிய பள்ளி
அவள் வாய் திறக்காமலே அங்கே நடந்துகொண்டிருந்தது.
விளங்கியதா என்பது வேறு.

சாப்பிட்டார்கள். வருகைப் பதிவில் கையெழுத்திட்டார்கள்.
டேப்லெட்டில், 'தலைமை' என்ற கட்டத்தில்
ஓர் எண்ணைத் தட்டினார்கள்.
எதிரில் உட்கார்ந்து தலைகீழாக வாசித்தேன்.
ஆறா, ஒன்பதா.
பதில் மின்னஞ்சலில் வருமாம்.

நாலு மணிக்குத் தண்டவாளத் துண்டை ரிஸ்வானா அடித்தாள்.
எல்லோரும் செங்கமலத்தின் வாயையே பார்த்தோம்.
ஏழு மணி நேரம் உள்ளே கிடந்த முதல் சொல்.
அவள் தொண்டையைச் செருமினாள்.
கபிலேஷைத் தேடினாள்.
"தண்ணி வடிஞ்சிருச்சாடா?"
"பாதி."
"வா."

போனார்கள்.
மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது.