முப்பது பொற்காசு

மாரத்தஹள்ளி பிஜி, மூன்றாம் மாடி.
கரண்ட் போய் வந்ததில்
வைஃபை செத்தது, விளையாட்டு சாகவில்லை.

கட்டம் கட்டமான என் வீரனுக்கு
மூக்கு ஒரே ஒரு புள்ளி.
வாள் கிடையாது, தோசைக்கரண்டிதான்.
வழிமறித்த பச்சைக் கூழ்
"பல் தேய்த்துவிட்டு வரட்டுமா?" என்றது.
காத்திருந்தேன். வரவேயில்லை.
அதற்கும் இரண்டு புள்ளி தந்தார்கள்.

அடுத்த ஊரில் வாடகைக்கு வீடு,
முப்பது பொற்காசு.
அட்வான்ஸ் கேட்கவில்லை,
சைவமா என்று கேட்கவில்லை,
கல்யாணம் ஆகிவிட்டதா என்றும்.
சந்தேகம் வந்து
பேய் இருக்கிறதா என்று விசாரித்தேன்.
"இருக்கிறது. பாதி வாடகை அது தரும்."

சிரித்த சத்தத்தில்
பக்கத்துக் கட்டில் பெனிட்டா புரண்டு
"மணி மூணுடி" என்றாள்.

சேமித்துவிட்டுப் படுத்தேன்.
காலையில் கசவனஹள்ளியில் ஒரு வீடு பார்க்கணும்,
பத்து மாத அட்வான்ஸ்.
பேய் உண்டா என்று
மறக்காமல் கேட்கணும்.