முப்பத்தோராம் பக்கம்

வெட்டூர்ணிமடத்துக் கல்யாண மண்டபத்தில்
ரசிகர் திருவிழா.
வாசல் வளைவில் போன வாரத்து மணமக்கள்
பாதி உரிந்து நிற்கிறார்கள்:
மாப்பிள்ளை போய்விட்டார், 'வெட்ஸ்' மட்டும் இருக்கிறது.

பந்தி மேசையில் எங்கள் கடை.
நாற்பது பெட்டி.
'நாழிகை வழிப்போக்கர்' என்று பெயர்,
ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக்
காலத்தில் பின்னால் போகிற ஆட்டம்.
எழுத்து நான். படம் ஆன்றோ சஜின்.
அச்சுக்கூலி அவனுடைய பைக்.

காலையிலிருந்து வந்த கேள்விகள்:
கழிவறை எந்தப் பக்கம்.
இது பைபிள் வினாடி வினாவா.
பிள்ளைக்கு இதனால் கணக்கு வருமா.
ஆப் கிடையாதா அக்கா.
பக்கத்து மேசையில் ஷைனிஷாவின் சாவிக்கொத்து
சாளை போல விற்றுத் தீர்கிறது.

தொண்டை கட்ட நான் கூவினேன்:
எங்கள் ஆட்டத்தில் வருடம் கொல்லம் ஆண்டு,
காசு சக்கரம்,
916 ஆடியில் குளச்சல் மணலில்
பீரங்கிப் புகைக்குள் இறங்கலாம்,
1132 ஐப்பசியில் ஒரு மாநிலத்தில் தூங்கி
இன்னொன்றில் விழிக்கலாம்.
கேட்டது முகத்தில் வெள்ளி பூசிய ஓர் எந்திர மனிதன்.
தலையாட்டினான்.
தலை கழன்று விழுந்தது. எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று மணிக்கு மழை.
மூன்று ஐந்துக்குக் கரண்ட் போனது.

ஏணியோடு வந்தார் மண்டபத்து எலக்ட்ரீசியன் பூதலிங்கம்.
மேசைக்கடியில் வயர் பார்த்து நிமிர்ந்தவர்
பெட்டியைப் பார்த்தார்.
"இது என்னவாக்கும்?"
சொன்னேன்.
அன்று முழுசாகக் கேட்ட முதல் ஆள்.
டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ எனக்க கல்யாணத்துக்குப் போகணும்.
இஞ்ச வச்சுதான். தாலி கட்டுற நேரம் கரண்ட் போச்சு.
வீடியோவில ரெண்டு நிமிசம் இருட்டு,
நாதஸ்வரம் மட்டும் உண்டு."

இறக்கிவிட்டேன்: மண்டபத்தின் பின்புறம், ஜெனரேட்டர் அறை.
ஓட வைக்கப் பன்னிரண்டு வேண்டும்.
மூன்று பகடை. உருட்டினார்.
ஆன்றோ செல்போன் வெளிச்சத்தில் கூட்டினான்: ஐந்து.

"சரிதான்" என்று சிரித்தார்.
"அண்ணைக்கும் ஓடல்ல. டீசல் இல்ல கேட்டியா."
பகடையை எடுக்கக் கை நீட்டினேன்.
அவர் கை அதன்மேல் இருந்தது.
"பொறு மக்களே. அஞ்ச இருந்தே இன்னும் பின்னால,
காலையில போறேன். டீசல் வாங்கி வைக்கேன்.
பொறவு கரண்ட் போகட்டும்."

'கூடாது' என்று சொல்லத்தான் புத்தகத்தைத் திறந்தேன்.
முப்பத்தோராம் பக்கம்.
போன இடத்திலிருந்து மேலும் போவது பற்றி
ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.
நாலு வருடம் ஆடிப் பார்த்தோம்.
ராஜாக்களைக் கொல்லப் போனோம், புதையலுக்குப் போனோம்,
ஒருத்தரும் டீசலுக்குப் போகவில்லை.

இதற்குள் இருட்டில் ஆள் சேர்ந்துவிட்டது.
ஷைனிஷா கேன் பிடித்தாள்.
எந்திர மனிதன் தலையைக் கக்கத்தில் இடுக்கி
வடசேரி பங்குக்கு சைக்கிள் மிதித்தான்.
அன்றைய டீசல் விலைக்கு இரண்டு மாமாக்கள் சண்டை போட்டார்கள்.
பதினான்கு விழுந்தது.
ஜெனரேட்டர் உறுமியது. சத்தம் கொடுத்தது ஆன்றோ.

"வெளிச்சம் வந்தாச்சு" என்றேன். "என்ன தெரிகிறது?"

பூதலிங்கம் வெகுநேரம் பார்த்தார், வெறும் மேசையை.
"கை நடுங்குது," என்றார். "முடிச்சு விழமாட்டேங்குது.
எனக்க தங்கச்சிதான் போடுறா.
ஊரே பாக்குது."
பிறகு, மெதுவாக:
"அந்த டீசலத் திருப்பிக் குடுத்திரலாமா?"

கீழேயிருந்து யாரோ கத்தினார்கள், கரண்ட் என்னாச்சு ஓய் என்று.
ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

விற்றது இரண்டு.
ஒன்று எந்திர மனிதனுக்கு, கடன்.

ஷட்டர் இழுக்கும்வரை உட்கார்ந்து
மீதி முப்பத்தெட்டிலும் கையால் எழுதினோம்:
'போன இடத்திலிருந்தும் பின்னால் போகலாம்.
செய்ததைத் திருப்பிக் கொடுக்கவும் போகலாம்.'
இருபதாவது பிரதியில் பேனா தீர்ந்தது.
மற்றதெல்லாம் பச்சை மை,
ஷைனிஷாவுடையது.